பரண் வேறு, காவல் ஒன்று

(ஓசூர் அருகே சானமாவில் மாணவர்களும் தொழிற்கூடப் பணியாளர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சானமாவில் பேசுகிறவன் யானையில்தான் தொடங்க வேண்டும். ராகி முற்றுகிற மாதங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி காடுகள் வழியாக யானைக் கூட்டம் இந்தக் காட்டுக்கு வந்து சேரும். வனத்துறையின் எச்சரிக்கை வரும். கொல்லைக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் பரணில் ஏறிவிடுவார்கள். என் தாத்தாவும் அப்படி ஏறியவர். சிறுவனாக அவர் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

தூங்குவதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. கூட்டம் இன்னும் தளிப் பக்கமே நிற்கிறது என்று சாயங்காலம் சேதி வந்தால், செருப்பைக் கழற்றி வைத்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்குவார். காட்டோரம் கிளை முறிகிற சத்தம் கேட்டிருந்தால், கையில் டார்ச்சோடு உட்கார்ந்தபடியே கண்ணை மட்டும் மூடியிருப்பார். ஆழ்ந்து தூங்கினால் உடம்புக்கு நல்ல ஓய்வு. ஆனால் விழித்து, டார்ச்சைத் தேடி, ஏணியில் இறங்குவதற்குள் பாதிக் கொல்லை போய்விடும். அரைத் தூக்கத்தில் ஓய்வு குறைவு, ஆனால் கணத்தில் எழலாம். எந்த இரவுக்கு எந்தத் தூக்கம் என்று முடிவு செய்வதுதான் அவருடைய திறமை.

இன்று நான் பேச வந்த விஷயம் இதுவேதான். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள், பெங்களூரு டேட்டா சென்டர்களில் இருக்கும் சர்வர்களுக்குள், தாத்தாவின் இந்தக் கணக்கு ஒரு விநாடிக்குள் பலமுறை நடக்கிறது. அந்தக் கணக்கைப் போடும் புரோகிராமை ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாக எழுதுவதா, எல்லோருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் வைப்பதா? இந்தக் கேள்வியோடு லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பொறியாளர்கள் இருபது வருஷத்துக்கும் மேலாகப் போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டத்தில் ஓசூர்க்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது.

தூக்கத்தின் அட்டவணை

புராசஸருக்கு வேலை இல்லாதபோது அது சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் மின்சாரம் வீணாகும். அதனால் சில்லைச் செய்கிறவர்கள் பல படிகளில் தூக்கம் வைத்திருக்கிறார்கள். இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறைச் சில்லுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் அட்டவணையைப் பாருங்கள். சி1 என்ற மேலோட்டமான தூக்கத்திலிருந்து எழ 2 மைக்ரோ விநாடி போதும். சி6 என்ற ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ 133 மைக்ரோ விநாடி ஆகும். அதோடு, குறைந்தது 400 மைக்ரோ விநாடியாவது தூங்கினால்தான் சி6-க்குப் போனது லாபம். அதற்குள் எழுப்பினால், தூங்கி எழுந்த செலவு மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

ஆக, ஒவ்வொரு தூக்கத்துக்கும் இரண்டு எண்கள்: எழுவதற்கு ஆகும் நேரம், லாபத்துக்குத் தேவையான நேரம். இந்த எண்கள் சில்லுக்குச் சில்லு மாறும். ஆனால் “அடுத்த வேலை எப்போது வரும்” என்று கணிப்பதும், அந்தக் கணிப்பை வைத்து அட்டவணையில் ஒரு வரியைத் தேர்ந்தெடுப்பதும் எந்தச் சில்லுக்கும் ஒரே வேலைதான். பரணின் உயரம் கொல்லைக்குக் கொல்லை மாறும், ஏணி மாறும். யானை எங்கே நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் காவல் எல்லோருக்கும் ஒன்று.

இதை லினக்ஸில் தெளிவாகப் பிரித்து வைத்தது சிபியூஐடில் என்ற அமைப்பு. வெங்கடேஷ் பள்ளிபாடி, ஷாவ்ஹுவா லீ, ஆடம் பெலே ஆகிய மூவரும் 2006, 2007-ல் எழுதியது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் அந்தப் பதிப்பில், சேர்ந்தது. அதில் முடிவு எடுக்கும் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். அந்த முடிவைச் சில்லில் நிறைவேற்றும் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். கவர்னர் பொது, டிரைவர் தனி. கேட்கும்போது சின்னப் பிரிவினையாகத் தெரியும். இந்தக் கோடு கிழிக்கப்பட்ட பிறகு, புதிய சில்லு செய்கிறவர் தூங்குவதைப் பற்றிய தத்துவம் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. அட்டவணையையும், “இப்படித் தூங்கு” என்ற சில வரிகளையும் கொடுத்தால் போதும்.

எம் 98 தெரிந்தவர்களுக்கு

இங்கே சிஎன்சி ஓட்டுகிறவர்கள் பாதிப் பேராவது இருப்பீர்கள். நானும் பெங்களூருக்குச் சாஃப்ட்வேர் வேலைக்குப் போகுமுன் சிப்காட் பக்கம் ஒரு சின்ன ஜாப் ஒர்க் கடையில் விஎம்சி மிஷின் செட்டராக இருந்தவன். பொதுவான கோட் என்றால் என்ன என்பதை நான் கல்லூரியில் படிக்கவில்லை, அந்த மிஷின் முன்னால் நின்று படித்தேன்.

ஒரு ஃபிக்ஸ்சரில் நான்கு பீஸ் மாட்டியிருந்தோம். ஒவ்வொரு பீஸிலும் ஆறு துளை. எனக்கு முன்னால் இருந்தவர் துளை போடும் வரிகளை நான்கு முறை அப்படியே காப்பி பண்ணி, பொசிஷனை மட்டும் மாற்றி வைத்திருந்தார். புரோகிராம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் கஸ்டமரிடமிருந்து டிராயிங் மாறி வந்தது: துளை ஆழம் 2 மில்லிமீட்டர் கூட வேண்டும். நான் மூன்று இடத்தில் திருத்தினேன், நான்காவதை விட்டுவிட்டேன். பீஸ்கள் போய்ச் சேர்ந்த பிறகு ரிஜெக்ஷன் வந்தது. நாலுக்கு ஒன்று என்று கணக்கு பிசகாமல் வந்தது.

அன்று ராத்திரி ஒரு மூத்த புரோகிராமர் எனக்குச் சப் புரோகிராமைச் சொல்லிக் கொடுத்தார். துளை போடும் வரிகளை ஒரே இடத்தில் தனியாக எழுதி, கடைசியில் எம் 99 போடு. மெயின் புரோகிராமில் ஜி 54 ஆஃப்செட் போட்டு எம் 98-ல் அதைக் கூப்பிடு. பிறகு ஜி 55 போட்டு மறுபடியும் கூப்பிடு. பீஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை ஆஃப்செட் சொல்லும். துளை எப்படிப் போடுவது என்பதைச் சப் புரோகிராம் சொல்லும். ஆழம் மாறினால் ஒரு வரி, ஒரே ஒரு வரி.

இயங்குதளத்தில் நடப்பதும் இதுதான். சில்லுக்குச் சில்லு மாறுவது ஆஃப்செட் மாதிரி, அதை அட்டவணையாக வை. மாறாத வேலை சப் புரோகிராம் மாதிரி, அதை ஒரே இடத்தில் எழுது.

ஐந்தில் நான்கு வேகம், பாதி மின்சாரம்

தூக்கத்தைச் சொன்னேன். விழித்திருக்கும்போதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம், வேகத்தைக் குறைத்து. சில்லின் சுற்றுகள் மாறி மாறி இயங்குவதால் ஆகும் மின்செலவு, கடிகார வேகத்தைப் பொறுத்து நேராகவும், வோல்டேஜைப் பொறுத்து அதன் வர்க்கமாகவும் கூடும். வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்க முடியும் என்பதுதான் இதில் உள்ள பெரிய லாபம். இரண்டையும் ஐந்தில் நான்காகக் குறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. வேகம் 20 சதவீதம் குறைந்ததற்கு மின்செலவு ஏறக்குறைய பாதியாகிறது. வேலை முடிய நேரம் கூட ஆகுமே என்று கேட்பீர்கள். ஆகும், ஒன்றேகால் மடங்கு ஆகும். அதையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு வேலைக்கு ஆகும் மொத்த ஆற்றல் 0.64 பங்கு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சம்.

இந்த வேகக் கட்டுப்பாட்டுக்கு லினக்ஸில் சிபியூஃப்ரீக் என்று பெயர். ரஸல் கிங் 2001-ல் தொடங்கியதை டொமினிக் ப்ரோடோவ்ஸ்கி வளர்த்தார். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு டிரைவர் என்று சேர்ந்துகொண்டே போனது. பிறகு செல்போன் காலம் வந்தது. ஆர்ம் வகைச் சில்லுகளை ஏராளமான நிறுவனங்கள் செய்தன. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டு டிரைவரைக் காப்பி எடுத்து, பெயரை மாற்றி, தங்கள் எண்களைப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2011-ல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஆர்ம் பகுதி முழுவதிலும் நடக்கும் இந்த மறுபதிப்பைக் கடுமையாகக் கண்டித்தார். அதற்குப் பிறகுதான் சுத்தப்படுத்தும் வேலை வேகம் எடுத்தது.

அந்த வேலையில் பெரும் பங்கு எடுத்தவர் விரேஷ் குமார் என்ற இந்தியப் பொறியாளர், அப்போது லினாரோ அமைப்பில் இருந்தவர். அவர் செய்ததில் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம். புராசஸரின் வேகம் மாறும்போது கெர்னலின் மற்றப் பகுதிகளுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை தகவல் சொல்ல வேண்டும். சில இயந்திரங்களில் “இத்தனை சுற்றுச் சுற்றினால் இவ்வளவு நேரம்” என்று எண்ணித்தான் சிறிய தாமதங்களை அளக்கிறார்கள். சொல்லாமல் வேகத்தைக் கூட்டினால் அந்தத் தாமதம் சுருங்கிவிடும். எதிரில் இருக்கும் சாதனம் தயாராகுமுன் அதனிடம் பேசத் தொடங்கிவிடும். அதனால் முன்னறிவிப்பு, மாற்றம், பின்னறிவிப்பு என்று மூன்று படி. மாற்றம் தோற்றுப்போனால் “பழைய வேகமே தொடர்கிறது” என்று சொல்லி முடிக்கவும் வேண்டும். இந்தச் சடங்கு முழுவதையும் ஒவ்வொரு டிரைவரும் தானே எழுதி வைத்திருந்தது. தோல்விப் பாதையில் ஒரு வரியை மறந்த டிரைவர் எதுவாயினும், அதன் தவறு வேறெங்கோ வெடிக்கும். 2013-ல் விரேஷ் குமார் இந்த அறிவிப்பு வேலையை டிரைவர்களிடமிருந்து எடுத்துப் பொது மையத்துக்குக் கொண்டுபோனார். டிரைவருக்கு மிஞ்சியது ஒரே வேலை: அட்டவணையில் இத்தனையாவது வரிக்கு மாறு என்றால் மாறு.

இன்னொன்று, வோல்டேஜின் வரிசை. வேகத்தைக் கூட்டும்போது முதலில் வோல்டேஜ் ஏற வேண்டும், பிறகு வேகம். குறைக்கும்போது முதலில் வேகம் இறங்க வேண்டும், பிறகு வோல்டேஜ். லாரியில் கூடுதல் பாரம் ஏற்றுமுன் டயரில் காற்றடிக்கிறோம். காற்றைக் குறைப்பதானால் பாரத்தை முதலில் இறக்குகிறோம். வரிசை பிசகினால் சில்லு ஒரு கணம் தேவையான வோல்டேஜ் இல்லாமல் அதிக வேகத்தில் ஓடும். அப்போதே நின்றுபோகலாம், அல்லது தவறான விடை தந்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டே இருக்கலாம். இரண்டாவது இன்னும் மோசம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பொறியாளர் நிஷாந்த் மேனனும் அவருடைய தோழர்களும் 2010-ல் வேகமும் வோல்டேஜும் ஜோடி ஜோடியாக இருக்கும் பட்டியலுக்கு ஒரு பொது நூலகம் எழுதினார்கள். 2016-ல் இந்த ஏற்ற இறக்க வரிசையும் அந்த நூலகத்துக்குள் போய்விட்டது. வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு ஒவ்வொரு டிரைவர் எழுதுகிறவர் தலையிலிருந்தும் இறங்கியது.

இரட்டைப் பிள்ளைகளின் ஏழு வருஷம்

காப்பி அடிப்பவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்ல வரவில்லை. காப்பி என்பது பெரும்பாலும் நல்ல நோக்கத்தில்தான் தொடங்குகிறது. ஒரு கதை சொல்கிறேன்.

வெங்கடேஷ் பள்ளிபாடியும் ஜுன் நகாஜிமாவும் வேகத்தை முடிவு செய்யும் ஆன்டிமாண்ட் என்ற கவர்னரை எழுதினார்கள். வேலைச்சுமை கூடினால் சட்டென்று உச்ச வேகத்துக்குத் தாவும். பாட்டரியில் ஓடும் மடிக்கணினிக்கு இந்தத் தாவல் வேண்டாம், படிப்படியாக ஏறினால் போதும் என்று அலெக்ஸாண்டர் க்ளவுட்டர் கருதினார். ஆன்டிமாண்டை அடிப்படையாக வைத்து கன்சர்வேட்டிவ் என்ற இன்னொரு கவர்னரைச் செய்தார். 2005-ல் அது கெர்னலில் சேர்ந்தது. நல்ல யோசனை, நல்ல காரணம். ஆனால் சுமையை அளப்பது, நேரம் வைத்து எழுந்து பார்ப்பது, அமைப்புகளைப் படிப்பது எல்லாம் இரண்டு கோப்பிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வேறுபட்டது “எவ்வளவு ஏறு” என்ற முடிவு மட்டும்.

ஏழு வருஷம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் பிழை கண்டால் மற்றதையும் நினைவாகத் திருத்த வேண்டும். 2012-ல் விரேஷ் குமார் பொதுவான வரிகளை எடுத்துத் தனிக் கோப்பில் வைத்தார். அந்தக் கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பெயர்கள்: ரஸல் கிங், வெங்கடேஷ் பள்ளிபாடி, ஜுன் நகாஜிமா, அலெக்ஸாண்டர் க்ளவுட்டர், கடைசியாக விரேஷ் குமார். பல நாட்டு மனிதர்கள், பல வருஷத்து உழைப்பு, ஒரே முகப்பில். நம் ஊர்க் கோயிலில் திருப்பணி செய்தவர்களின் பெயர்க் கல்வெட்டைப் பார்க்கும்போது வருகிற மரியாதை எனக்கு அதைப் பார்க்கும்போது வரும்.

பொதுவாக்கியதும் எல்லாம் சுகமாகிவிட்டதா? இல்லை. இரண்டு பேருக்குப் பொதுவான இடத்தில் யார் எப்போது பூட்டைப் போடுவது, யார் திறப்பது என்ற சிக்கல்கள் வந்தன. 2016-ல் ரஃபாயெல் விசோக்கியும் விரேஷ் குமாரும் அந்தப் பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. பொது இடத்தில் வரும் பிழை எல்லோரையும் பாதிக்கும் என்பது உண்மை. அதனால்தான் எல்லோருடைய கண்ணும் அங்கே இருக்கும், மருந்து கிடைத்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கும்.

இதை நான் என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சாஃப்ட்வேருக்கு வந்த புதிதில், கையடக்க பில்லிங் மிஷின் ஒன்றுக்குத் தூக்க டிரைவர் எழுதும் வேலை எனக்கு வந்தது. இதே மாதிரிச் சில்லுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. காப்பி எடுத்து, பெயர் மாற்றி, ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். பாராட்டும் கிடைத்தது. சில மாதம் கழித்து, நான் காப்பி எடுத்த டிரைவரில் எழும் நேரம் தவறாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் எங்கள் மிஷினுக்கு வரவில்லை, வர வழியே இல்லை. கடைகளில் எங்கள் மிஷின் லாபமில்லாத தூக்கத்துக்குப் போய்ப் போய்ப் பாட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அசல் திருந்திவிட்டது, நகல் திருந்தவில்லை. அந்த மூன்று வாரத்தில் கற்றதைத்தான் இன்றுவரை பிழைப்பாக வைத்திருக்கிறேன்.

ஒன்று போலத் தெரிவதெல்லாம் ஒன்றா?

இப்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சப் புரோகிராம் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் நான் கண்ணில் பட்டதையெல்லாம் பொதுவாக்கினேன். இரண்டு கஸ்டமரின் ஃபிளாஞ்சுகளில் துளை வரிசை ஒன்றாக இருந்தது. இரண்டுக்கும் ஒரே சப் புரோகிராம் போட்டேன். ஒரு கஸ்டமர் துளை அளவை மாற்றினார். நான் திருத்தினேன். அடுத்த ஷிப்டில் மற்ற கஸ்டமரின் பீஸ்கள் அத்தனையும் கெட்டுப்போயின. இரண்டு துளை வரிசையும் அன்றைக்கு ஒன்று போல இருந்தது தற்செயல். ஒன்று மாறினால் மற்றதும் மாற வேண்டும் என்ற உறவு அவற்றுக்குள் இல்லை.

கெர்னலில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. ஐபிஎம்மின் பவர் புராசஸரை லினக்ஸ் இரண்டு விதமாக ஓட்டும். ஒன்றில் லினக்ஸ் நேரடியாக இயந்திரத்தின் மேல் உட்காரும், அதற்கு பவர்என்வி என்று பெயர். மற்றதில் ஹைப்பர்வைசர் என்ற மேலாளருக்குக் கீழே விருந்தாளியாக இருக்கும், அதற்கு பிசீரீஸ் என்று பெயர். சில்லு ஒன்றுதான். சொந்த வீட்டுக்காரர் தூங்கப் போகும்போது தானே விளக்கை அணைப்பார். லாட்ஜில் தங்கியிருப்பவர் வெளியே போகும்போது சாவியைக் கவுன்ட்டரில் கொடுப்பார். பவர்என்வியில் லினக்ஸ் தானே சில்லைத் தூங்கச் சொல்லும். பிசீரீஸில் “இந்தப் புராசஸர் இப்போது எனக்கு வேண்டாம்” என்று மேலாளரிடம் ஒப்படைக்கும்.

2013-ல் ஐபிஎம்மில் இருந்த தீப்தி தார்வார் பவர் குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரே தூக்க டிரைவர் என்ற திட்டத்தை முன்வைத்தார். பல சுற்று விவாதம் நடந்தது. கடைசியில், 2014 மார்ச்சில் வந்த 3.14 கெர்னலில், இரண்டு டிரைவர்களும் ஒரே அடைவில் பக்கத்தில் பக்கத்தில், ஆனால் தனித்தனிக் கோப்புகளாக வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் பொதுவானது ஏற்கெனவே சிபியூஐடில் மையத்தில் இருக்கிறது. மிஞ்சியது அவரவர் வீட்டுப் பழக்கம். அதை வலிந்து ஒட்டியிருந்தால் ஒவ்வொரு வரியிலும் “நீ சொந்த வீடா, லாட்ஜா” என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்காகக் கதவு அடைபடவில்லை. 2020-ல் கௌதம் ஷெனாய் பிசீரீஸ் பக்கத்தில் ஒரு துண்டைப் பார்த்தார். தூங்கப் போகுமுன்னும் எழுந்த பின்னும் சும்மா இருந்த நேரத்தைக் கணக்கில் குறிக்கும் வரிகள் அவை, ஷிப்டில் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் நாம் கார்டு பஞ்ச் பண்ணுவது மாதிரி. டிரைவருக்குள் அடைபட்டிருந்த அந்த வரிகள் டிரைவருக்கு வெளியே இருந்த இயல்புத் தூக்கப் பாதைக்கும் தேவைப்பட்டன. அவற்றை எடுத்து இரண்டு பேரும் பயன்படுத்தும் தலைப்புக் கோப்பில் வைத்தார். கணக்கு எழுதும் முறை மாறினால் இரண்டு இடத்திலும் சேர்ந்தே மாற வேண்டும். அதனால் அது உண்மையான பொது.

என் மொத்தப் பேச்சின் சாரம் இதுதான். இரண்டு துண்டு கோட் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஒன்று மாறினால் மற்றதும் மாறியாக வேண்டுமா என்று கேளுங்கள். ஆம் என்றால் இன்றே ஒரே இடத்தில் வையுங்கள். இல்லை என்றால், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளாக இருந்தாலும் தனித்தனியே வளரட்டும்.

கம்ப்ரஸரை யார் அணைப்பது?

கடைசியாக, நம் பக்கத்து எதிர்காலத்தோடு தொடர்புடைய ஒன்று. ஷாப் ஃப்ளோரில் பத்து மிஷினுக்கு ஒரே ஏர் கம்ப்ரஸர். ஒரு மிஷின் நின்றால் கம்ப்ரஸரை அணைக்க முடியாது. கடைசி மிஷினும் நின்றால்தான் அணைக்கலாம். காலையில் முதல் மிஷின் ஓடுமுன் அதைப் போட வேண்டும். இன்றைய சில்லுகளிலும் இப்படித்தான். பல கோர்கள் ஒரு கூட்டமாக இருக்கும், அவற்றுக்குப் பொதுவான மின்பகுதி இருக்கும். கடைசிக் கோரும் தூங்கினால்தான் அந்தப் பகுதியை அணைக்கலாம்.

இந்த மின்பகுதிகளை அமைத்து, எந்தக் கோர் எதில் சேரும் என்று இணைக்கும் வேலை, ஆர்ம் சில்லுகளுக்கான பிஎஸ்சிஐ என்ற வழியின் தூக்க டிரைவருக்குள் எழுதப்பட்டிருந்தது. 2021-ல் ரிஸ்க்-ஃபைவ் வகைச் சில்லுகளுக்கு எஸ்பிஐ என்ற வழியில் தூக்க டிரைவர் எழுத வந்தார் அனுப் படேல் என்ற இந்தியப் பொறியாளர். காப்பி எடுத்திருக்கலாம், வேலை முடிந்திருக்கும். அவர் அந்த டிரைவரைப் படித்துப் பார்த்தார். மின்பகுதிகளைக் கையாளும் வரிகளில் பெரும்பாலானவை பிஎஸ்சிஐயைச் சார்ந்தவையே இல்லை என்று கண்டார். அவற்றைப் பிரித்தெடுத்துப் பொதுக் கோப்பில் வைத்துவிட்டு, பிறகுதான் தன் டிரைவரை எழுதினார். 5.18 கெர்னலில் இரண்டும் சேர்ந்தன. எந்த சுவிட்சை அழுத்துவது என்பது ஆர்முக்கு வேறு, ரிஸ்க்-ஃபைவுக்கு வேறு. மின்பகுதிகளை அமைத்துக் கோர்களை அவற்றோடு இணைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்று.

இது நமக்கு ஏன் முக்கியம்? ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில்தான் சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு சக்தி புராசஸரை உருவாக்கியது. 2018-ல் அது சில்லாக வந்து லினக்ஸ் ஓடியது. நாளை அப்படி ஒரு சில்லைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் செய்து, எஸ்பிஐ வழியில் தூங்கும் வசதியை அதில் வைத்தால், தூக்க அட்டவணையை எழுதிக் கொடுத்தால் போதும். இருபது வருஷத்து உழைப்பு, முன்பின் பார்த்திராத மனிதர்களின் உழைப்பு, அந்தச் சில்லுக்குக் காசில்லாமல் வந்து சேரும். நம் கைக்கு வந்ததை நாம் வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. நாம் கண்டுபிடிக்கும் திருத்தமும் அந்தப் பொதுக் கோப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். என் பில்லிங் மிஷினுக்கு எந்த வழி இல்லாமல் போனதோ, அந்த வழியை நாம் அடைக்கக் கூடாது.

கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். பவர்என்வி, பிசீரீஸ் என்று சொன்னேனே, அந்த இரண்டு டிரைவர்களின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஸ்னூஸ் என்ற பகுதி இருக்கும். தூங்கவே தூங்காமல், தன் முன்னுரிமையை மட்டும் தாழ்த்தி, கோரின் பலத்தைப் பக்கத்துத் திரெடுகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வேலை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பகுதி. கையில் டார்ச்சோடு, கண்ணை மட்டும் மூடி உட்கார்ந்திருந்த என் தாத்தாதான் அது. இரண்டு கோப்பிலும் அது ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். அதைப் பொதுவாக்க வேண்டுமா, தனியே விட வேண்டுமா? வரிகளைப் பார்த்தவுடன் முடிவு சொல்லாதீர்கள். ஒன்று மாறினால் மற்றதும் மாறியாக வேண்டுமா என்று யோசித்துவிட்டு, உங்கள் பதிலோடு என்னிடம் வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.

இருட்டிவிட்டது. காட்டோரம் போகிறவர்கள் சேர்ந்தே போங்கள்.